சிவப்பு நூல் கட்டிய ஏழு கதிர்கள்

எண்பதுகளின் நடுவில், ஒரு நவம்பர் சனிக்கிழமை நான் பென்னாகரம் பக்கம் போனது சுற்றிப் பார்க்க அல்ல, ஏழு ராகிக் கதிர்களை அறுத்து வர. அப்போது ஒரு விவசாய ஆராய்ச்சிப் பண்ணையில் உதவியாளனாக இருந்தேன். அந்த வருஷம் குலைநோய் வந்து எங்கள் பண்ணை ராகி மொத்தமும் போச்சு. கதிரின் கழுத்து கறுத்துவிடும், மேலே இருப்பதெல்லாம் பதர். நோய் தாங்கும் விதை எங்காவது அகப்படுமா என்று ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தேன்.

ஒரு மாதம் முன்பு அங்கே ஆரோக்கியம் என்ற விவசாயியின் மானாவாரிக் கொல்லையில் அகப்பட்டது. சுற்றிலும் எல்லாம் கறுத்துக் கிடக்க, வேறு ரகம் கலந்து முளைத்த ஏழு பயிர் மட்டும் ஒரு புள்ளிகூட இல்லாமல் நின்றன. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டி, முற்றியதும் வருகிறேன், யாரும் தொட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவரிடம் மட்டும் சொன்னேன். அந்தப் புத்திசாலித்தனத்தின் பலனைக் கேளுங்கள்.

தருமபுரியில் காலை 6.40 பஸ். டிக்கெட் மூன்று ரூபாய். எட்டு மணிக்குப் பென்னாகரம். டீ குடித்துவிட்டு நாலு கிலோமீட்டர் நடை. நிழல் கிடையாது, தொப்பி அவசியம்.

கொல்லையில் ஏழு தாள்கள் நின்றன. கதிர் ஒன்றுகூட இல்லை. அரிவாளால் சீராக அறுத்திருந்தார்கள். நூல் மட்டும் கீழே கிடந்தது. அடப்பாவிகளா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். வரப்பிலேயே உட்கார்ந்தேன்.

ஆரோக்கியத்தின் மனைவி லூர்து ஓடி வந்தார். பயிர் போய்விட்டதால் கணவர் அரூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போய் மூன்று வாரமாம். என்னைப் பற்றி அவர் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யார் அறுத்தது என்று கத்தினேன். கத்தியதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

"நாந்தானுங்க அறுத்தேன். மாதாவுக்குன்னு நேந்து வுட்டதுக்குத்தான் எங்க வூட்டுல செவப்பு நூல் கட்டுவோம், ஆடோ, பூசணியோ. அவருதான் கட்டிட்டுப் போயிருக்காருன்னு நெனச்சேன். மத்ததெல்லாம் நோவு புடிச்சது, அதக் கோயிலுக்குக் குடுக்க முடியுங்களா?"

கட்டியவன் நான்.

மாதா கோயில் ஒரு கிலோமீட்டர், இருவரும் போனோம். போன ஞாயிறுதான் முதல் கதிர்க் காணிக்கை, அறுவடையில் முதலில் அறுத்ததைக் கோயிலுக்குக் கொடுக்கும் நாள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் பெரிய தகரப் பீப்பாயைத் திறந்து காட்டினார். ஊரார் கொடுத்த அத்தனை கதிரையும் ஒன்றாக அடித்துக் கொட்டியிருந்தார்கள். எல்லாம் ஒரே நிறம். என் ஏழு கதிரும் அதற்குள் எங்கோ. அதிர்ச்சியில் கையை உள்ளே விட்டு அளைந்துகொண்டே நின்றேன், பைத்தியக்காரன் மாதிரி.

லூர்துதான் மெதுவாகச் சொன்னார்: "எல்லாத்தையும் வெதச்சிப் பாருங்க. நோவு வர்றப்ப எது நிக்குதோ, அதுதானுங்க உங்களுது."

நாங்கள் பண்ணையில் செய்வதும் அதுவேதான். படித்த எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. கோயிலில் கேட்டு இரண்டு படி வாங்கி வந்தேன்.

அடுத்த வருஷம் விதைத்தோம். நோய் வந்தது. பாத்தி பாத்தியாகக் கறுத்தது. கடைசியில் பதினொரு பயிர் நின்றன.

இப்படி விதை தேடிப் போகிறவர்களுக்கு: தண்ணீர் கொண்டுபோங்கள், திரும்பும் பஸ் நேரத்தை முதலிலேயே கேளுங்கள், களையெடுக்கும் பெண்ணிடம் சொல்லாமல் எந்தப் பயிரிலும் எதையும் கட்டாதீர்கள்.

அந்தப் பதினொன்றில் பத்தை விதைக்கு வைத்துக்கொண்டோம். ஒன்றில் மட்டும் சிவப்பு நூல் கட்டினேன். முற்றியதும் அறுத்து, அதே 6.40 பஸ்ஸில் கொண்டுபோய் லூர்துவின் கையில் கொடுத்தேன். நூலைப் பார்த்தார், அப்படியே கோயில் பக்கம் நடந்தார்.