பேவர் பிளாக்கின் அடியில் போக வேண்டிய குழாய்

"...மூணு மருமவ இருக்கிற வூட்டுல நாய்க்குச் சோறு வைக்க ஆளில்லையாமுங்க, அந்தக் கதைதான் நம்ம கதை" என்று சிரித்தார் மேஸ்திரி.

மந்தாரக்குப்பத்தில், காரை விட்டு இறங்காமலே சாப்பாடு வாங்கிப்போகும் ஓட்டலுக்கு மறுநாள் திறப்புவிழா. ஆர்டர் சொல்லும் மைக் என் பொறுப்பு, கரண்ட் எலக்ட்ரீஷியன் பொறுப்பு, கார் வரும் பாதை மேஸ்திரி பொறுப்பு. பாதைக்கு அடியில் என் ஒயருக்குக் குழாய் போட வேண்டியது யார்? அடுத்தவர் என்றே மூவரும் இருந்துவிட்டோம். மேலே பேவர் பிளாக் கல்லும் பதித்தாகிவிட்டது.

"ஒயர் உன்னுது, குழாயும் உன்னுதுதான்" என்றார் எலக்ட்ரீஷியன்.

"தரைக்குள்ள போற குழாய்க்கும் நானாண்ணே பொறுப்பு?" என்றேன்.

"பேசிக்கினே இருந்தா வர்ற கார்கிட்ட கூவித்தான் ஆர்டர் வாங்கணும்" என்ற மேஸ்திரி, லுங்கியை மடித்துக் கட்டி, காலையில் தாமே பதித்த கல்லைக் கடப்பாரையால் நெம்பினார்.