ரிப்பேர் என்று நான் சொன்ன தட்டு

இரண்டு வருடத்துக்கு முன்பு, கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கப்போகிற சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னையில் இருக்கும் பெரிய அறிவியல் மையம் ஒன்றுக்கு மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் வீடு மண்ணூர்பேட்டையில். கொரட்டூரில் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேருவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. லீவு முழுக்க எங்கேயும் கூட்டிப்போகவில்லை என்று மனைவி பாடிய பாட்டு தாங்காமல்தான் கிளம்பினேன். மற்றபடி எனக்கு அறிவியல் மேல் பெரிய ஆசையெல்லாம் கிடையாது.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டுகிறேன். தகட்டை வைத்தால் மேலிருந்து அச்சு இறங்கி 'டம்' என்று அடித்து வண்டிக்கு வேண்டிய பாகமாக வெட்டித் தள்ளும். வரிசையாக அத்தனை மெஷினும் அடிக்கும்போது வாயால் பேசி ஒன்றும் ஆகாது. அதனால் எங்களுக்கென்று ஒரு கைபாஷை உண்டு. கட்டை விரலை வாய்க்குக் காட்டினால் டீ. இரண்டு கையையும் புரட்டினால் அச்சு மாற்ற வேண்டும். கையை வெளிப்பக்கமாக வீசினால் 'மெஷின் ஓடல, விட்டுடு' என்று அர்த்தம். மற்றதையெல்லாம் எதிராளியின் வாயைப் பார்த்தே பிடித்துவிடுவோம். காதில் அடைத்துக்கொள்ள ரப்பர் மாதிரி ஒன்று கொடுப்பார்கள். அது எல்லோருடைய பாக்கெட்டிலும் பத்திரமாக இருக்கும்.

மையத்துக்குள் 'தொடாதே' என்று போர்டு மாட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். அங்கே எல்லாமே தலைகீழ். தொடு, சுற்று, அழுத்து, மிதி. காற்றிலேயே மிதக்கிற பந்து, குனிந்து பார்த்தால் பாதாளம் வரை போகிற கண்ணாடிக் கிணறு, கயிற்றை இழுத்து நம்மை நாமே தூக்கிக்கொள்ளும் நாற்காலி. எனக்கே குஷியாகிவிட்டது. பல்சக்கரம் வைத்த ஒன்றைச் சுற்றிப் பார்த்து, "இதுல பேரிங் போச்சு" என்றேன்.

"வந்த எடத்துலயும் டூட்டி பாக்க ஆரம்பிச்சிட்டியா?" என்றாள் மனைவி.

மகள் ஒன்று விடாமல் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனாள். அப்போது அவள் எட்டாவது முடித்திருந்தாள். மெல்லிய குரல். வீட்டில் பேச்சு குறைவு, என்னிடம் இன்னும் குறைவு. வயசுப் பெண், அப்படித்தான் இருப்பாள் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒலி சம்பந்தப்பட்ட கூடத்தில் ஆளுயரத்துக்கு இரண்டு பெரிய தட்டுகள், டிஷ் ஆன்டெனா மாதிரி, கூடத்தின் இந்தக் கோடியில் ஒன்றும் அந்தக் கோடியில் ஒன்றுமாக, ஒன்றையொன்று பார்த்தபடி நிறுத்தியிருந்தார்கள். ஒரு தட்டுக்கு முகத்தைக் காட்டி ரகசியம் பேசினால், அத்தனை தூரத்தில் இருக்கிற அடுத்த தட்டுக்கு முன்னால் நிற்பவருக்குக் காதோடு பேசினாற்போலக் கேட்குமாம். மகள் என் முன்னால் ஓடிவந்தாள். "அப்பா, நீ அங்க போய் நில்லுப்பா, நான் பேசறேன்" என்றாள். அவளாக என்னை ஒரு விளையாட்டுக்குக் கூப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

போய் நின்றேன். தட்டைப் பார்த்து நின்றால் பேசுகிற ஆளுக்கு நம் முதுகுதான் தெரியும். நமக்கும் அவர்கள் தெரிய மாட்டார்கள். காத்திருந்தேன். கூடத்தில் பிள்ளைகள் போடும் இரைச்சல் மொத்தமாக ஓர் உறுமல் மாதிரி கேட்டது. மற்றபடி ஒன்றும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் பேசி முடித்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பழக்கதோஷம், கை தானாகப் போனது. வெளிப்பக்கமாக ஒரு வீசு வீசினேன். ஓடல, விட்டுடு.

அவள் முகம் சட்டென்று சுருங்கிவிட்டது. ஜன்னல் ஓரம் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். விளையாட முடியவில்லை என்கிற ஏமாற்றம் போலிருக்கிறது என்று நினைத்தேன். எனக்குக் கோபம் அந்தத் தட்டின் மேல் வந்தது. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே விட்டால் பொருளை ஒழுங்காக வைத்திருக்க வேண்டாமா? அங்கே பேட்ஜ் மாட்டி நின்ற பெண்ணிடம் போய், "இன்னாம்மா, இது ரிப்பேருன்னு ஒரு போர்டாவது மாட்டக்கூடாதா? கொழந்த ஏமாந்து போச்சு பாரு" என்று சத்தம் போட்டேன்.

"நல்லாத்தான் சார் ஓடுது" என்றார் அவர். நான் விடுவேனா? "மெஷினோடயே பொழங்கறவன்மா நான், எங்கிட்ட சொல்றியா?" என்று பிடிவாதமாக நின்றேன். அவர் சிரித்துக்கொண்டே என் மனைவியை ஒரு தட்டுக்கு முன்னால் நிற்க வைத்துவிட்டு, அந்தக் கோடிக்குப் போய் ஏதோ பேசினார். மனைவி குலுங்கிச் சிரித்தாள். "சாப்ட்டீங்களாக்கான்னு கேக்குது அந்தப் பொண்ணு! பக்கத்துல நின்னு பேசறாப்பலயே கீது."

மறுபடி நான் நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த இன்னொரு கருவிக்கு எங்களைக் கூட்டிப்போனார். ஒரு குமிழ், ஒரு ஸ்பீக்கர். குமிழைத் திருகத் திருக 'ஊ' என்கிற ஒலி 'கீ' என்று கீச்சுக்குரலாக ஏறிக்கொண்டே போகும், நமக்குக் கேட்பது எங்கே நிற்கிறதோ அங்கே கையைத் தூக்க வேண்டும். எனக்குச் சீக்கிரமே நின்றுவிட்டது, கையைத் தூக்கினேன். பக்கத்தில் பார்த்தால் மனைவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிற்கிறாள். "நிறுத்துமா, காது கூசுது" என்கிறாள். அந்த வாயசைவை நான் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

"இது வெளையாட்டுக்கு வெச்சது சார், டெஸ்ட் இல்ல. ஆனா ஒருதபா காது டாக்டர பாத்துடுங்க" என்று அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் போட்ட சத்தத்துக்கு வேறு யாராவது என்றால் நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பார்கள்.

மனைவி என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். பிறகு, "அடப்பாவி மனுசா, தொண்டத்தண்ணி வத்த கத்தினு கெடந்தேனே, திமிருன்னுல்ல நெனச்சிகினு இருந்தேன்" என்றாள். சொல்லும்போதே அவள் குரல் உடைந்ததை முகத்தில் பார்த்தேன்.

மகள் இருந்த பெஞ்சுக்குப் போய் அவளுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தேன். "தட்டுல இன்னா சொன்ன?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல" என்று தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"சொல்லுடி. அப்பாக்கு நெசமாவே காது கேக்கல" என்றாள் அவள் அம்மா.

மகள் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "எம்மேல இன்னா கோவம்பா உனக்கு, நான் கூப்ட்டா திரும்பிக்கூட பாக்க மாட்றியேன்னு கேட்டேன். நீ கைய வீசி போன்னுட்ட."

கொஞ்சம் கொஞ்சமாக மற்றதும் வந்தது. கோ-கோ டீமில் சேரட்டுமா என்று முந்தின வருடம் என்னைக் கேட்டிருக்கிறாள். நான் குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தேனாம், பதிலே சொல்லாமல் எழுந்து ஷிப்டுக்குப் போய்விட்டேனாம். வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு அவளும் சேரவில்லை. அதன் பிறகு எதையுமே கேட்கவில்லை. அத்தனை ஜனத்துக்கு நடுவில் எனக்கு அழுகை வந்துவிட்டது. மெஷின் ஓடுகிற எங்கள் ஷாப்பில் கை வீசினால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு விளக்கினேன். நம்பினாளா என்று அன்றைக்குத் தெரியவில்லை.

காது டாக்டர், வருடக்கணக்கில் கேட்ட இரைச்சலால் வந்தது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். காதில் மெஷின் வைத்துக்கொண்டேன். ஷாப்பில் ரப்பர் இப்போது காதில்தான் இருக்கிறது. மகள் ஒன்பதாவது போனதும், கோ-கோவில் சேருகிறாயா என்று நானாகவே கேட்டேன். "இப்ப ஆச இல்லப்பா" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டாள்.

இன்றைக்கும் எதுவானாலும் அவள் எனக்கு நேர் எதிரே வந்து நின்றுதான் ஆரம்பிக்கிறாள். "மெஷின் வெச்சினு கீறேனே, அங்க இருந்தே பேசும்மா" என்று ஒருநாள் சொன்னேன். "உனக்கு கேக்கும்னு தெரியும்பா. உன் மூஞ்ச பாத்தாத்தான் எனக்கு பேச வருது" என்றாள். போன காது வராது என்று டாக்டர் சொன்னபோதுகூட நான் கலங்கவில்லை. அவள் அப்படி முன்னால் வந்து நிற்கிற ஒவ்வொரு தடவையும், கேட்டதற்குப் பதில் வராத வீட்டில் அவள் எத்தனை நாள் தனியாகக் கிடந்திருப்பாள் என்று நினைத்துத்தான் கலங்கிப்போகிறேன்.