கறுப்பு கிரையான் தீர்ந்த வாரம்

ஐம்பத்தாறு வயதில், குழந்தைகளை வசியம் செய்யும் சக்தி எனக்கு இருப்பதாக ஒரு வாரம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நம்பியதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. புனேயில் இருந்த மனைவிக்குப் போன் போட்டு, "இதெல்லாம் கற்றுக்கொண்டு வருவதில்லை, கூடவே பிறக்க வேண்டும்" என்று வேறு சொல்லியிருக்கிறேன். எங்கள் மகளை முழுக்க முழுக்க வளர்த்தவள் அவள். "ம்" என்றாள்.

அவள் புனேக்குப் போனது மகளின் பிரசவத்துக்கு. மூன்று மாதம் என்று சொல்லிப் போனாள். பேத்தி பிறந்தாள், குப்புற விழுந்தாள், உட்கார்ந்தாள், தவழ்ந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டி தேவைப்பட்டாள். இதற்கிடையில் நான் விருப்ப ஓய்வு வாங்கியிருந்தேன். ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்புக் கையேடுகள் எழுதுவது என் வேலை. முப்பது வருஷமும் ஜெனரல் ஷிப்ட். காலையில் போய் மாலையில் திரும்புகிறவனுக்குத் தன் குடியிருப்பு பகலில் எப்படி இருக்கும் என்று தெரியாது. ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தப் பகல்கள் மொத்தமும் என் தலையில் வந்து விழுந்தன.

ஓய்வு பெற்றதும் படிக்கலாம் என்று வருஷக்கணக்கில் வாங்கி அடுக்கிய புத்தகங்கள் இருந்தன. படித்தேன். படித்ததை யாரிடமாவது சொல்ல வேண்டுமே? கூரியர்காரர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடிவிடுவார். எங்கள் லிஃப்டில் ஒரு பெண்குரல், "கதவு மூடுகிறது" என்று சொல்லும். ஒரு நாள் அதற்கு, "சரிம்மா" என்று பதில் சொல்லிவிட்டேன். சொன்னதைவிட, அதில் ஒரு சந்தோஷம் இருந்ததுதான் பயமாக இருந்தது. ஆள் வேண்டும். எனக்குப் பேச ஆள் வேண்டும். மே மாதத்தில் சும்மா கிடைக்கிற ஆட்கள் குழந்தைகள்தான்.

அப்படித்தான் ஓவிய-யோகா முகாம் பிறந்தது. இரண்டு வாரம், காலையில் இரண்டு மணி நேரம், கீழ்த்தளத்துக் கூடத்தில், இலவசம். ஓவியம் என் பொறுப்பு. எனக்கு யானை வரைக்கும் வரும். யோகா எனக்குத் தரையில் உட்காரும் வரைக்கும் வரும், எழுந்திருப்பது வராது. ஆகவே சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரு யோகா டீச்சரை ஏற்பாடு செய்தேன். ஷேர் ஆட்டோவில் ஏழு பேருக்கு நடுவே நசுங்கி வந்து இறங்கி, உடம்பைத் தளர்த்துவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பார்.

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பைப் போட்டுவிட்டு, ஐந்து பேர் வந்தால் பெரிது என்று நினைத்தேன். திங்கட்கிழமை காலை கதவைத் திறப்பதற்கு முன்பே வாசலில் கூட்டம். பாயோடு, தண்ணீர் பாட்டிலோடு, இட்லி டப்பாவோடு. அம்மாக்கள் கையைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டுப் போனார்கள்.

"எவ்ளோ நேரம் சார்?"

"பன்னிரண்டு வரைக்கும்மா."

"அவ்ளோதானா? ஒரு மணி வரைக்கும் வச்சிக்கோங்க சார். சாப்பாடு கட்டிக் குடுத்துடறேன்."

இன்னொருத்தி, "ரெண்டு மணின்னாலும் ஓகே சார்" என்றாள்.  கலையின் மேல் இந்த மண்ணுக்கு இவ்வளவு தாகமா!

அந்த வாரத்தைப் பற்றி நினைத்தால் இப்போதும் இனிக்கிறது. குழந்தைகள் என்றால் இரைச்சல் என்றுதானே நினைத்திருந்தோம்? இவர்கள் நாற்காலியை இழுக்கமாட்டார்கள், தூக்கி வைப்பார்கள். சண்டை போடுவதைக்கூட வாயசைப்பிலேயே முடித்துக்கொண்டார்கள். கண்ணை மூடிப் படுங்கள் என்று டீச்சர் சொன்னதும் கூடமே மூச்சில்லாமல் கிடக்கும். அந்தச் சமயத்தில் வெளியே கார்களை அடுக்கிக்கொண்டு போகும் டிரெய்லர் லாரியின் சத்தமும் என் முழங்கால் சத்தமும் மட்டும்தான் கேட்கும்.

"எங்க போனாலும் பசங்க கத்திக்கினே இருக்கும் சார். இங்க இன்னா இப்டி கீதுங்க?" என்றார் டீச்சர்.

நான் அடக்கமாகச் சிரித்தேன். அடக்கமாகச் சிரிப்பதற்கு அந்த வாரம் எனக்கு நல்ல பழக்கம் ஏற்பட்டிருந்தது.

மூன்றாம் மாடியிலிருந்து வரும் எட்டு வயதுப் பெண் ஒருத்திதான் எனக்கு மிகவும் பிடித்த மாணவி. முதல் நாளே என்னை ஏற இறங்கப் பார்த்து, "அங்கிள்னு கூப்பிடவா, தாத்தான்னு கூப்பிடவா?" என்று கேட்டாள். "சார் என்று கூப்பிடு" என்றேன். "சரி தாத்தா" என்றாள். நான் உணர்ச்சிவசப்பட்டு வண்ணங்களைப் பற்றிக் குரலை உயர்த்தினால், உதட்டில் விரலை வைத்து, "மெதுவா பேசு தாத்தா" என்பாள். நானும் அடங்கிவிடுவேன். என்னை அதட்ட ஒரு ஆள் இருந்து எத்தனை மாதமாயிற்று.

புதன்கிழமை, "உங்கள் வீட்டை வரையுங்கள்" என்றேன். கூடம் முழுக்க ஒரே கேள்வி, "பிளாக் யார்கிட்ட கீது?" அரை மணிக்குள் கறுப்பு கிரையான் தீர்ந்துபோயிற்று. வாங்கிப் பார்த்தால் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஜன்னல் கறுப்பு. ஜன்னலுக்குள் பூந்தொட்டியோ பூனையோ இல்லை, சதுரமாக, அழுத்தி அழுத்தித் தீட்டிய கறுப்பு. அன்று மாலை மனைவியிடம் இருபது நிமிஷம் பேசினேன். இந்தத் தலைமுறையின் உள்ளே ஒரு இருள் இருக்கிறது, அது என் முன்னால் திறந்துகொள்கிறது என்றேன். பின்னணியில் பேத்தி ஏதோ ஒரு தட்டைத் தரையில் அடித்துக்கொண்டிருந்தாள். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

அடுத்த திங்கட்கிழமை யாரும் வரவில்லை.

யாருமே வரவில்லை என்றால் நம்பமாட்டீர்கள். கதவைத் திறந்து, காகிதம் பரப்பி, புதிதாக ஒரு டப்பா நிறையக் கறுப்பு கிரையான் வாங்கி வைத்துக்கொண்டு நான். எதிரே, பாயின் மேல் டீச்சர். சற்று நேரம் கழித்து அந்த மூன்றாம் மாடிப் பெண் ஓடி வந்தாள். எழுந்தே நின்றுவிட்டேன். வெள்ளிக்கிழமை மறந்துபோன தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, அதே ஓட்டத்தில் திரும்பிப் போனாள்.

"இன்னா சார், யாரையாவது திட்டினீங்களா?"

"இல்லையே மேடம்."

"அடிச்சீங்களா?"

"ஐயோ!"

"அப்போ ரொம்பப் பேசியிருப்பீங்க" என்று பாயைச் சுருட்டினார். ஷேர் ஆட்டோ கூட்டத்துக்கு முன்னால் போய்விட வேண்டும் அவருக்கு.

செவ்வாயும் அப்படியே. தனியாக இருப்பது வேறு, விரித்துவைத்த பாய்களின் நடுவே தனியாக இருப்பது வேறு. வெள்ளிக்கிழமை நான் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து வைத்து விசாரித்தேன். ஒரு பையனின் மாட்டைப் பார்த்து நல்ல நாய் என்று பாராட்டியிருந்தேன், அதுவா? இவர்கள் திரும்பி வராவிட்டால் எனக்கு மிஞ்சுவது லிஃப்டில் இருக்கும் அந்தப் பெண்மணிதான்.

புதன்கிழமை வெட்கத்தை விட்டு மூன்றாம் மாடிக்குப் போனேன். லிஃப்டில் ஒன்றும் பேசவில்லை. கதவு திறந்ததுமே காது அடைத்தது. எங்கள் குடியிருப்பில் இவ்வளவு சத்தம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எல்லா வீட்டிலும் டிவி. குக்கர் விசில். வராந்தாவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு என் மாணவர்கள், என் ஆழ்ந்த மௌனக்காரர்கள், ஒரு பிளாஸ்டிக் குடத்தை உதைத்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டு ஓடினார்கள். என் பிரிய மாணவி குடத்தின் மேல் ஏறி நின்று யாரையோ, "டேய் சோம்பேறி!" என்று கூவினாள்.

அவள் அம்மா என்னைப் பார்த்துவிட்டு டிவியைக் குறைத்தாள்.

"வாங்க சார். கேம்ப்புக்குத் தேடினு வந்தீங்களா? இந்த வாரம் அவருக்கு டே ஷிப்ட் சார்."

எனக்குப் புரியவில்லை. குழந்தைக்கும் ஷிப்டா?

"போன வாரம் நைட்டு சார். காலைல வந்து படுப்பாரு. கட்டில்ல படுத்தா, அதட்டி அதட்டித்தான் இதுங்கள அடக்கணும், அந்தப் பழக்கத்துல வெளிய போனாலும் குசுகுசுன்னுதான் பேசுங்க. இந்தக் கட்டடத்துல முக்காவாசிப் பேரு அதே கம்பெனி, அதே ஷிப்டு. பஸ்ஸு கீழயே நிக்குதுன்னுதானே எல்லாரும் இங்க வூடு எடுத்தோம். நைட்டு வாரம் வந்தா பசங்கள எங்க தள்றதுன்னு தெரியாம அல்லாடுவோம். நல்ல நேரத்துல நீங்க வச்சீங்க." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "டீ போடட்டுமா சார்?" என்றாள்.

உள்ளே படுக்கையறை தெரிந்தது. ஜன்னல் கண்ணாடி முழுக்க, வெயில் ஒரு பொட்டு நுழையாதபடி, கறுப்புச் சார்ட் பேப்பர் ஒட்டியிருந்தது.

டீ குடித்தேன். நன்றாக இருந்தது. வேறு யாரோ போட்ட டீயைக் குடித்து நாளாகியிருந்தது. படி வழியாக இறங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி வைப்பதாக அறிவித்திருந்தேன். அறிவித்துத் தொலைத்துவிட்டதால் வைத்தேன். படங்களைக் கயிற்றில் கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கவிட்டேன். கறுப்பு ஜன்னல் வைத்த ஒரு தெரு முழுக்க அங்கே ஆடிக்கொண்டிருந்தது. விடுமுறை நாள் என்பதால் அப்பாக்களும் வந்தார்கள். கைலியில், கம்பெனி டி-ஷர்ட்டில். மகளின் படத்தின் முன்னால் அந்த மூன்றாம் மாடிக்காரர் ரொம்ப நேரம் நின்றார்.

"யாரும்மா இது, படுத்துக்கினு கீறது?"

"நீதான்பா."

"கண்ணு ஏன் வரையல?"

"நீ எங்க தெறக்கற?"

அவர் சிரித்தார். அந்தப் படத்தை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். எனக்குள் எங்கேயோ ஒரு சின்ன நம்பிக்கை மறுபடியும் தலை தூக்கியது. எது எப்படியோ, ஒருவருக்காவது என் முகாம் ஏதோ ஒன்றைக் காட்டியிருக்கிறது. அவர் என்னிடம் வந்து இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சூப்பர் கேம்ப் சார். இத்தினி வருஷமா நைட்டு பாக்கறேன், அந்த ஒரு வாரம் தூங்குன மாதிரி தூங்குனதே இல்ல. இன்னிக்கு ராத்திரிலேர்ந்து மறுபடி நைட்டு சார். இந்த தபா சாயந்திரம் நாலு மணி வரைக்கும் வச்சிக்க முடியுமா?"