சிரிக்காத படம்

ஒற்றைப் பையோடு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சின்னவளின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

"கை நீட்டினாரா? குடிக்கிறாரா? வேற தொடுப்பு ஏதாவது?" என்று அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது.

"அப்புறம் உனக்கு என்னடி நோவு?"

சொன்னால் சிரிப்பார்கள். புருஷன் திட்டியதெல்லாம் அவளுடைய முகத்தை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவான். "என்ன மூஞ்சி அது, மாவைப் பிசைஞ்சு அப்பின மாதிரி? சிரி." சிரித்தால், "பல்லை இளிக்காதே." வாயை மூடிக்கொண்டால், "யாரு செத்துட்டாங்க?" விருந்தாளிகள் முன்னாலும் இதே கச்சேரிதான். அவர்களும் கூடச் சேர்ந்து சிரிப்பார்கள். பிடிக்காவிட்டால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவான். பிறகு நாள்கணக்கில் பேச்சு இருக்காது. கடைசியில் அவனுக்குப் பிடித்த சிரிப்பு ஒன்றை அவள் கண்டுபிடித்தாள். உதடு மூடியிருக்கும், கன்னம் மட்டும் ஏறும், தலை ஒரு பக்கம் லேசாகச் சாயும். அடிக்கப் போகிறவன் முன்னால் நாய் வாலாட்டுவதுபோல. அதற்குப் பிறகு வீட்டில் சண்டையே இல்லை.

சும்மா உட்கார்ந்திருந்தால் புத்தி கெட்டுப்போகும் என்று அக்கா அவளைத் தெருமுனை ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்த்துவிட்டாள். அங்கே பாஸ்போர்ட் அளவுப் படம்தான் அதிகம். முதலாளிக்குத் தெருவில் 'ஆடாதீங்க' என்று பெயர். வருகிறவர்களிடம் அவர் வாய் ஓயாமல் சொல்வது அதுதான். காலையில் கடை திறந்ததும் யாரையாவது ஸ்டூலில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்து, வெளிச்சம் முகத்தில் சரியாக விழுகிறதா என்று பார்ப்பார்.

"நீ வர்றதுக்கு முன்னாடி தொடப்பத்துக்குத் தொப்பி போட்டு உக்கார வெச்சேன்மா. அது ஆடாது, சிரிக்காது. என்ன பண்றது, காது ரெண்டும் தெரியணுமே!"

சின்னவள் உட்கார்ந்தாள். கேமராவின் விளக்கு வெட்டியது.

"சிரிக்காதம்மா. பாஸ்போர்ட்டுக்குச் சிரிப்பு ஆகாது."

"நான் சிரிக்கலையேண்ணே."

"வந்து பாரு."

திரையில் அந்தச் சிரிப்பு இருந்தது. ஏறின கன்னம், சாய்ந்த தலை. எதிரே அவன் இல்லை, ஒரு கருவிதான் இருந்தது. அதற்கும் அவள் முகம் வாலாட்டியிருந்தது. குழம்பில் செத்த பல்லியைப் பார்த்ததுபோல் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

மறுநாளிலிருந்து முதலாளி டீ குடிக்கப் போகும் நேரத்தில் அவளே கேமராவில் டைமரைத் திருகிவிட்டு ஓடிப்போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். எடுக்கிற படத்திலெல்லாம் அது இருந்தது. உதட்டைக் கடித்துப் பார்த்தாள். கடித்த உதட்டுக்கு மேலேயும் கன்னம் ஏறிக்கொண்டது. பார்க்கப் பார்க்க அருவருப்பு ஏறியதே தவிர அவள் விடவில்லை. ஒரு நாள் அந்த அருவருப்பே படத்தில் விழுந்தது. மூக்கு சுளித்து, மேலுதடு கோணி, கெட்ட நாற்றம் மூக்கில் ஏறியவள்போல. ஆனால் சிரிப்பு இல்லை. அன்று அவளுக்கு நன்றாகப் பசித்தது. அந்தப் படத்தை அழிக்காமல் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வந்த முகங்கள் மெல்ல மெல்ல இளகின. சில நாள் தூக்கம், சில நாள் கோபம், சில நாள் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாத முகம் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அக்கா சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை உன்னைக் கூட்டிட்டுப் போக வர்றாரு. முரண்டு பிடிக்காம கிளம்பு. நாலு பேர் கேக்கறதுக்கு என்னால பதில் சொல்ல முடியல."

அவன் நேராக ஸ்டுடியோவுக்கே வந்தான். சலவைச் சட்டை, வாயெல்லாம் இனிப்பு. "அண்ணே, ஜோடியா ஒண்ணு எடுங்க. வீட்ல மாட்டணும்." அவள் விளக்குக்கு முன்னால் போய் நின்றாள். பக்கத்தில் நின்று தோளில் கை போட்டான். விரல்கள் ஈரமாகப் பிசுபிசுத்தன. காதோரம் மெதுவாகச் சொன்னான்: "மூஞ்சிய ஒழுங்கா வை."

விளக்கு வெட்டியது.

திரையில் அவன் லட்சணமாக நின்றான். பக்கத்தில் அந்தச் சிரிப்பு. இத்தனை நாளும் உட்கார்ந்து விரட்டியது ஒரே சொல்லுக்கு ஓடி வந்து முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் பின்கட்டுக்குப் போய்க் குழாயடியில் வாந்தி எடுத்தாள். தோளைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். ஈர ரவிக்கையோடு திரும்பி வந்தாள்.

"நான் வரல."

அவன் முதலாளியைப் பார்த்துச் சிரித்தான். "பாத்தீங்களாண்ணே? இந்த மூஞ்சியத்தான் நான் தினம் பாக்கணும்."

"இனிமே பாக்க வேண்டாம்," என்றாள்.

முதலாளி தொண்டையைக் கனைத்தார். "தம்பி, அடுத்த ஆளு நிக்குது. கொஞ்சம் வெளிச்சத்தை மறைக்காம போறீங்களா?"

அவள் வீடு போய்ச் சேருமுன் சேதி போய்விட்டது. அக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள். "நல்ல மனுஷனை நடுக்கடையில அசிங்கப்படுத்திட்டியாமே?"

சின்னவள் அச்சுப் போட்டுக் கொண்டுவந்த இரண்டு படங்களை நீட்டினாள். முதலில் ஜோடிப் படம். "நல்லாத்தானே சிரிச்சிட்டு நிக்கிற?" என்றாள் அக்கா. பிறகு அன்று காலையில் தனியாக உட்கார்ந்து எடுத்ததைச் சின்னவள் பக்கத்தில் வைத்தாள். அக்காவின் பார்வை இரண்டு படங்களுக்கும் நடுவே போய்ப் போய் வந்தது.

"இந்த இளிப்பு... நம்ம வீட்ல யாருக்குமே இப்படி வராதேடி."

"அவருக்குப் பிடிச்ச சிரிப்பு, அக்கா. பழகிக்கிட்டேன்."

"சீ," என்றாள் அக்கா. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகினாள். "மாடி ரூம் பூரா உங்க மாமாவோட ஒடைசல்தான் கெடக்கு. ஒரு கட்டில் போடற அளவுக்காவது ஒதுக்கணும். நீ அந்தப் பக்கம் புடி."