ரீச்சர் வீட்டுக் குசினிச் சுவர்

அன்று காலை அந்த வீட்டில் நின்றவர்கள் இவ்வளவு பேர்தான்: நான், என் மனைவியின் தம்பி, கொடிகாமத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகும் வயதான மேசன், என் கைபேசிக்குள்ளே ரொறன்ரோவில் இருந்து ஒருவர். கைபேசிக்குள் இருந்தவரையும் ஆளாகக் கணக்கெடுத்தால் நாலு பேர். குசினி வாசலில் ஒரு சாம்பல் நிறப் பூனை படுத்திருந்தது. வீட்டுக்காரி இல்லை. அவர் ஏழு மணிக்கே பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போய்விட்டார்.

அந்த நாளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வெளிச்சம். அதைச் சொல்லும் முன் நாங்கள் அந்த வீட்டுக்கு எப்படி வந்தோம் என்று சொல்லிவிட வேண்டும்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பதினாறு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போய், சீமெந்து குழைத்து, ரைல்ஸ் பதித்து, கடைசியில் பழைய வீடுகளைத் திருத்திக் கொடுப்பதையே என் தொழிலாக்கிக் கொண்டேன். வெள்ளவத்தையில் எத்தனை குளியலறைகள், எத்தனை குசினிகள் என்று எனக்கே தெரியாது. சில வேளைகளில் அவை எல்லாம் ஒரே வீடாகி, ஒரு கதவைத் திறந்தால் இன்னொரு வீட்டுக் குளியலறை வருவதாகக் கனவு காண்பேன். கனவிலும் ஏதாவது ஒரு குழாய் ஒழுகும்.

நாடு வங்குரோத்தாகிக் கடன் கட்ட முடியாமல் நின்ற வருடம் அந்தத் தொழில் எங்கள் கண் முன்னாலேயே கரைந்தது. சீமெந்து மூட்டைக்குக் காலையில் ஒரு விலை, பின்னேரம் ஒரு விலை. வீட்டைத் திருத்த நினைத்தவர்கள் வீட்டை விற்க நினைத்தார்கள். பேசி வைத்திருந்த மூன்று வேலையும் ஒரே கிழமையில் நின்றன.

"இஞ்சாருங்கோ, ஊரிலை வெளிநாட்டுக் காசு வருது. வீடு திருத்திறவை எல்லாம் இப்ப அங்கைதான் இருக்கினம்" என்றாள் மனைவி. "நாங்கள் இஞ்சை ஆரின்ரை வீட்டைத் திருத்தப் போறம்?"

ஒரு லொறி பிடித்தோம். ரைல்ஸ் வெட்டும் மெசின், கலவை மெசின், ஏணிகள், எங்கள் கட்டில், அலுமாரி எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று. மாதிரி ரைல்ஸ் பெட்டியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டேன், உடைந்துவிடும் என்ற பயத்தில். ஆனையிறவைத் தாண்டும்போது விடிந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர். தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவே கோடு இல்லை. லொறி தெருவில் போகிறதா நீரில் மிதக்கிறதா என்று தெரியவில்லை. எங்கள் வீடும் தொழிலும் கயிற்றால் கட்டப்பட்டு, ஒரு சாம்பல் நிற வெளிக்குள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தன. மனைவி தூங்கினாள். நான் கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மருதனார்மடத்தில் சந்தைக்குப் பின்னால் மூடிக் கிடந்த ஓர் அரிசிக் கடையை வாடகைக்கு எடுத்தோம். முன்பக்கம் மெசின்கள், பின்பக்கம் நாங்கள். தரையைக் கூட்டும்போதெல்லாம் எங்கிருந்தோ நெல் வரும். ஆறு கிழமை ஒரு வேலையும் வரவில்லை. வந்து கேட்ட ஓரிருவரும் "கொழும்பு ஆக்களோ?" என்று கேட்டுவிட்டு, மாதிரி ரைல்ஸைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் இங்கே பிறந்தவன் என்று சொன்னால், "அப்ப ஏன் கொழும்பிலை இருந்தனீங்கள்?" என்று அடுத்த கேள்வி. எங்களோடு வந்த மனைவியின் தம்பி, திரும்பிப் போக வேலை தேடி, எனக்குத் தெரியாமல் கொழும்பு நண்பர்களுக்குப் போன் பண்ணத் தொடங்கியிருந்தான்.

ஏழாவது கிழமையில்தான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு வேலை வந்தது. அந்த ஊர்ச் சந்தையிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் ஒரு கல்வீடு. அதில் ஒரு ரீச்சர் இருக்கிறார். கணவருக்கு வவுனியாவில் வேலை, சனிக்கிழமைகளில் வருவார். திருத்தச் சொன்னதும் காசு அனுப்புவதும் ரொறன்ரோவில் இருக்கும் ரீச்சரின் தமையனார். குசினிக்கு ரைல்ஸ், கூரைத் திருத்தம், புது அலுமாரிகள். இந்த ஒரு வீடு ஒழுங்காக முடிந்தால் அந்த ஒழுங்கையிலேயே நாலு வீடு வரும். ஏதும் பிழை வந்தால் கதை நாங்கள் போகும் முன் எல்லா இடத்துக்கும் போய்விடும், நாங்களும் திரும்ப லொறி பிடிக்க வேண்டியதுதான். இதை மனைவி ஒரு தரம் சொன்னாள். நான் எனக்குள் நூறு தரம் சொன்னேன்.

ஒரு வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்குத் தமையனார் வீடியோவில் வந்தார். அவருக்கு அங்கே முதல் நாள் இரவு. இடுப்பில் சாரம் கட்டியபடி கதிரையில் இருந்தார். நான் கைபேசியைத் தூக்கி வீட்டைச் சுற்றிக் காட்டினேன்.

"தம்பி, நில்லும், நில்லும். உந்தச் சுவர் என்ன?"

குசினிக்கும் நடு ஹோலுக்கும் இடையிலிருந்த சுவர்.

"அதைப் பாக்கவே எனக்கு மூச்சு முட்டுது. உடையும் அதை. இஞ்சை எல்லா வீட்டிலையும் குசினியும் ஹோலும் ஒண்டுதான். நான் வந்து நிக்கேக்கை தேத்தண்ணி போட்டுக்கொண்டே ஆக்களோடை கதைக்க வேணும்."

கொழும்பில் இப்படி எத்தனையோ சுவர்களை உடைத்திருக்கிறேன். ஆனாலும் பயம் என்னை விடவில்லை. சுவருக்குள் வயர் போகிறதா என்று தட்டித் தட்டிப் பார்த்தேன். குழாய் இருக்கிறதா என்று காதை வைத்துக் கேட்டேன். மேலே ஏறிக் கூரைப் பாரம் இதில் இறங்குகிறதா என்று கைவிளக்கால் அடித்துப் பார்த்தேன். பிறகு மேசனையும் ஏறிப் பார்க்கச் சொன்னேன். பிறகு மனைவியின் தம்பியையும்.

"அத்தான், மூண்டு பேர் பாத்திட்டம். இனிப் பூனையைத்தான் ஏத்த வேணும்" என்றான் அவன்.

மேசன் சுவரை இடிக்க அலவாங்கைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப நிலத்தில் ஊன்றினார்.

"தம்பி, ரீச்சரிட்டைக் கேட்டனீரோ?"

"காசு அனுப்பிறவர் சொல்லுறார்தானே, அண்ணை."

"அவர் காசு அனுப்புவார். தேத்தண்ணி ஊத்தித் தாறது ஆர்?"

தேத்தண்ணீரைப் பற்றிக் கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். எல்லாவற்றுக்கும் பயந்தவனுக்கு அந்த ஒன்றுக்குப் பயப்படத் தோன்றவில்லை. வெள்ளவத்தையில் காசு கொடுக்கிறவர்தான் வீட்டுக்காரர். அதற்கு மேல் கேட்க அங்கே ஒன்றும் இருந்ததில்லை.

பதினொரு மணிக்குள் சுவர் விழுந்துவிட்டது.

தூசி அடங்க நேரம் எடுத்தது. குசினி யன்னலால் வந்த வெயில் அந்தத் தூசியில் ஏறி, அகலமான ஒரு துணி போல ஹோலுக்குள் இறங்கியது. ஹோலைத் தாண்டி நேரே எதிரில் சாமி அறை. அதன் கதவு திறந்திருந்தது. அந்த வீடு கட்டிய நாளிலிருந்து அவ்வளவு தூரம் வெயில் போயிருக்காது. உள்ளே பித்தளை விளக்கு ஒன்று பிரகாசமாகியது, யாரோ ஏற்றிவிட்ட மாதிரி. படங்களின் கண்ணாடிகளில் குசினி தெரிந்தது, அதில் நாங்கள் சின்னச் சின்னதாக நின்றோம். மேசன் வாயைக் கட்டியிருந்த துணியைக் கழற்றினார். வீடு மூச்சை இழுத்து விடுகிற மாதிரி வாசல் பக்கத்திலிருந்து காற்று வந்து எங்களைக் கடந்து பின்கதவால் போனது. நல்லாத்தான் வந்திருக்கிறது, இனி இங்கேயே இருந்துவிடலாம் என்று நினைத்தேன்.

இரண்டு மணிக்கு ரீச்சர் குடையோடு வந்தார். வெளிக்குழாயில் கால் கழுவினார். குடையை மடித்துக் கொளுவினார். உள்ளே இரண்டு அடி வைத்துவிட்டு நின்றார்.

"என்ரை சுவர் எங்கை, அண்ணை?"

சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. பள்ளிக்கூடத்தில் கொப்பி கொண்டுவராத பிள்ளையைக் கேட்பது போல மெதுவாகக் கேட்டார்.

"கனடாவிலை இருந்து உங்கடை அண்ணை சொன்னவர், ரீச்சர்..."

"அண்ணை இஞ்சை மீன் காய்ச்சிறவரோ?"

எனக்கு விளங்கவில்லை. அவர் அடுப்பைக் காட்டினார். அங்கிருந்து விரலை மெல்ல நகர்த்தி, ஹோலைக் கடந்து, சாமி அறையில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"நான் அடுப்பிலை மீன் சட்டி வைச்சா அந்த மணம் எங்கை போய் நிக்கும், சொல்லுங்கோ பாப்பம்."

மேசன் வாசலைப் பார்த்துக்கொண்டு, "முருகனும் ஒருக்கா ருசி பாக்கட்டுமே" என்றார்.

"நீங்கள் பேசாமல் இருங்கோ ஐயா. உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுகொண்டு உடைச்சிருக்கிறியள்."

"கேட்டனான் பிள்ளை. கேள்வியை இவருக்குச் சிரிப்பாக்கிப் போட்டன். அது என்ரை பிழை."

ரீச்சர் என் கைபேசியை வாங்கித் தமையனாரை எழுப்பினார். ஸ்பீக்கரில் போட்டார், ஒளிக்க ஒன்றும் இல்லை என்பது போல.

"அண்ணை, சுவர் உடைக்கச் சொன்னனீங்களோ?"

"ஓம் பிள்ளை. இப்ப வடிவாயிருக்கோ?"

"ஆரைக் கேட்டு?"

"நான்தானே காசு தாறன்..."

"காசு நீங்கள் தாறியள். நான் அதை மறக்கேல்லை. வீடு அம்மா எனக்குச் சீதனமாய் எழுதினது. உறுதிப் பத்திரம் அலுமாரிக்குள்ளை கிடக்கு. எடுத்துக் காட்டட்டோ?"

ரொறன்ரோவில் ஒரு கட்டில் கிறீச்சிட்டது.

"சரி, சரி. சுவரைக் கட்டச் சொல்லு. ஆனா ஒரு சுவருக்கு ரெண்டு தரம் நான் காசு தரமாட்டன்."

ரீச்சர் கைபேசியை என்னிடம் திருப்பித் தந்தார். "நாளைக்கு வெள்ளி. நாளைக்கு மரக்கறி. சனிக்கிழமை அவர் வாறார், மீன் காய்ச்ச வேணும். அதுக்குள்ளை எனக்குச் சுவர் வேணும், அண்ணை."

இந்த மண்ணில் வீடு பெண்பிள்ளைக்குப் போகும் என்பது எனக்குத் தெரியாததா? என் தாயின் வீடே என் தங்கைக்குத்தான் போனது. முப்பது வருடத்தில் அதைக் கொழும்பில் எங்கேயோ வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அன்று பின்னேரம் மனைவியிடம் சொன்னபோது அவள் அரிவாளில் மரக்கறி வெட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வயரைப் பாத்தனீங்கள், குழாயைப் பாத்தனீங்கள். ஒரு பொம்பிளையை ஒரு வார்த்தை கேக்கேலாமல் போச்சோ?"

"இனி இஞ்சை ஒருத்தரும் எங்களைக் கூப்பிடாயினம்."

"கூப்பிடாட்டில் பிறகு பாப்பம். நாளைக்குப் போய்க் கட்டிக் குடுங்கோ."

வெள்ளிக்கிழமை ரீச்சர் அரை நாள் லீவு போட்டுவிட்டு எங்களோடு நின்றார். கல்லை அடுக்க அடுக்க வெயில் ஹோலிலிருந்து பின்வாங்கியது. முதலில் சாமி அறையை விட்டது, பிறகு நடு நிலத்தை. ஒரு கடல் வற்றுவதைப் பார்ப்பது போல நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சுவர் நெஞ்சு உயரத்துக்கு வந்தபோது ரீச்சர், "கொஞ்சம் நில்லுங்கோ" என்றார்.

அவர் அடுப்படியில் போய் நின்று பார்த்தார். திரும்பி வந்தார். திரும்பவும் போய் நின்றார்.

"இண்டைக்கு விடிய இதிலை நிண்டு தேத்தண்ணி போட்டனான். விளக்கு தெரிஞ்சுது. எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது, இதிலை நிண்டா அது தெரியுமெண்டு." சுவரில் கை வைத்து அளந்தார். "இந்தளவிலை ஒரு சின்ன யன்னல் விடுங்கோ. பலகைக் கதவு போட்டு. மீன் எண்டாப் பூட்டுவன்."

நான் பென்சிலை எடுத்தேன். அளவை அவரிடம் ஒரு தரம் கேட்டேன். எழுதிவிட்டு இன்னொரு தரம் கேட்டேன்.

"அண்ணை, இப்ப அளவுக்கு மிஞ்சிக் கேக்கிறியள்" என்று சிரித்தார்.

மேசன் அன்று இருட்டும் வரை கல் வைத்து, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு எங்களோடு அரிசிக் கடையில் தங்கினார். ஆனால் சனிக்கிழமை காலை சுவர் இருந்தது.

கதை நான் பயந்த மாதிரியே போனது. மருதனார்மடம் சந்தையில் கத்தரிக்காய் விற்கும் பெண் என் மனைவியிடம், "சுவரை உடைச்ச கொழும்புக்காரரின்ரை மனுசியே நீங்கள்?" என்று கேட்டுவிட்டு இரண்டு காயைக் கூடுதலாகப் போட்டாராம். அது இரக்கமா கேலியா என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். மனைவி கறி வைத்துவிட்டாள்.

பத்து நாளுக்குப் பிறகு ஒரு போன். அதே ஒழுங்கையில் மூன்றாவது வீடு, ஒரு பெண்குரல்.

"சுவரை உடைச்சவரோ கதைக்கிறது?"

"ஓம்" என்றேன்.

"ரீச்சர் வீட்டிலை இருக்கிற மாதிரி எங்கடை குசினிக்கும் ஒரு சின்ன யன்னல் வேணும். வாங்கோ. ஆனா வீடு என்ரை. என்னைக் கேக்காமல் ஒரு கல்லிலையும் கை வைக்கக் கூடாது, விளங்குதோ?"

விளங்கியது என்று மூன்று தரம் சொன்னேன். அதற்குப் பிறகு அந்த ஒழுங்கையில் ஐந்து வீடுகளில் வேலை செய்துவிட்டோம். மனைவியின் தம்பி கொழும்புக்குப் போன் பண்ணுவதை விட்டுவிட்டான். எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது, உறுதி ஆரின் பெயரில் என்று. சிலர் என்னைக் காணி வாங்க வந்தவன் என்று நினைத்துப் படலையைச் சாத்தப் பார்த்ததும் உண்டு.

ரீச்சர் வீட்டுக் கணக்கில் ரைல்ஸ், கூரை, அலுமாரிகளுக்கான காசைத் தமையனார் ஒரு சதம் குறையாமல் அனுப்பிவிட்டார். சுவர் கட்டிய காசையும் யன்னல் காசையும் தர வேண்டாம் என்றேன், ரீச்சர் கேட்கவில்லை. "சுவர் என்ரை" என்று சொல்லிக் கையில் வைத்தார். உடைத்த கூலிதான் மிச்சம், உடைந்த கல்லை லான்ட்மாஸ்ரர் இழுவை வண்டியில் ஏற்றிக் கொட்டியதும் சேர்த்து. தமையனார் சொல்கிறார், சுவர் இருக்கிறதே, பிறகு எதை உடைத்தீர்கள் என்று. ரீச்சர் சொல்கிறார், உடைக்கச் சொன்னவரைக் கேளுங்கள் என்று. இரண்டும் எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. பதினாலாயிரத்து ஐந்நூறு ரூபா இன்னும் வர இருக்கிறது.