தொப்புள் உள்ள பூச்சாடி

பழைய போத்தல் வாங்கும் நானாவின் சாக்குக்குள் கிடந்த அந்தப் பூச்சாடியைக் கண்டெடுத்தவள் என் மனைவிதான். உப்புக்குளத்தில் ஒரு வீடு காலியானபோது அவருக்குக் கிடைத்ததாம். முழங்கை உயரம், பச்சைக் கண்ணாடி. தண்ணீரில் மண்ணெண்ணெய் சிந்தியதுபோல மேலே ஊதாவும் பொன்னுமாக ஒரு மினுக்கம்.

நான் படங்களைப் பார்த்துப் பார்த்தே பொஹீமியா என்ற சீமையின் கண்ணாடி படித்தவன். அடியைத் திருப்பினேன். செய்தவர் பெயர் இல்லை. "யப்பான் சாமான்" என்று உதட்டைப் பிதுக்கினேன்.

அவள் விரலால் தடவினாள். "இஞ்ச பாருங்கோ, தொப்புள் இருக்கு."

சொன்னால் சிரிப்பீர்கள், அது தொப்புளேதான். வாயால் ஊதிய சாடியை அடியில் ஒரு கம்பியில் ஒட்டிப் பிடித்துத்தான் சாடியின் வாயை விரிப்பார்கள். கம்பியை எடுத்த தழும்பைத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தார்கள். அச்சில் வார்த்தவற்றின் பக்கவாட்டில் ஓடும் கோடும் இல்லை. மறுபடி படங்களைப் புரட்டினேன். பொஹீமியாதான்.

"அச்சில வார்த்தது செய்தது. இது ஒருத்தன் மூச்சால பெத்தது" என்றாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

சண்டை தலைமன்னாருக்கு வந்தபோது நான் சேர்த்திருந்த மற்றச் சாடிகளை அலுமாரியோடு விட்டோம். இதை மட்டும் அவள் கலியாணச் சேலையில் சுற்றி, பெரிய பிஸ்கற் தகரத்தில் வைத்து, கிணற்றுக்குப் பின்னால் குழி வெட்டித் தாட்டாள். பனைமட்டையில் ஒரு சிலுவை கட்டி நட்டாள்.

"சிலுவையைக் கண்டால் எங்கட சனம் கை வைக்காது."

கடல் தாண்டிப் போன அக்கரை முகாமில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது, இறங்கவில்லை. கடைசியாக என் கையைப் பிடித்துச் சொன்னது இதுதான்: "அதை மண்ணுக்குள்ள விட்டிடாதேங்கோ." அவளை அங்கேயே மண்ணுக்குள் விட்டுவிட்டு வந்தேன். இனி அந்தச் சாடி ஒன்றுதான் எனக்கு.

எங்கள் வீட்டில், பெருநிலப் பக்கமிருந்து சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்த ஒரு பெண் இருந்தாள். "வீட்டைக் கேட்டு வந்தனீங்களோ ஐயா?" என்று பயந்தாள்.

"இல்லைப் பிள்ளை, நீ இரு." மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். பனைமட்டை இல்லை. சுண்ணாம்பு பூசிய பலகைச் சிலுவை ஒன்று நின்றது. அதனடியில் உருகிய மெழுகுதிரிகள்.

"ஐயோ, அதில வெட்டாதேங்கோ!" ஓடிவந்தாள். "பச்சைப் பிள்ளையின்ர குழி அது."

ஓங்கிய மண்வெட்டியை இறக்கினேன்.

"ஓடி வரேக்க என்ர பிள்ளையை எங்க தாட்டனாங்கள் எண்டே தெரியாது ஐயா. அதுதான் இதுக்குக் கொளுத்திறன்." சிலுவையைத் தொட்டு, "இது ஆற்ற பிள்ளை?" என்றாள்.

"எங்கட."

"பேர் வைச்சனீங்களோ?"

"இல்லை. பேர் இல்லாமல்தான் வந்தது."

சத்தம் வராமல் அழுதாள். மண்வெட்டியை என் கையிலிருந்து வாங்கிக் கிணற்றுக்கட்டில் சாத்தினாள்.

மாரி வந்தால் அந்த இடத்தில் உப்புத்தண்ணீர் ஊறும். தகரம் துருப்பிடித்து ஓட்டையாகும். உப்பு முதலில் தின்பது அந்த மினுக்கத்தைத்தான். எனக்குத் தெரியும், வேறு எதைப் படித்தேனோ இல்லையோ, கண்ணாடி படித்தவன். கடல் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.

"நீங்களே கொளுத்துங்கோ ஐயா, தகப்பன்தானே" என்று தீப்பெட்டியை நீட்டினாள்.

காற்றுக்குக் குச்சி அணைந்துகொண்டேயிருந்தது. அவள் இரண்டு கைகளாலும் மறைத்துப் பிடித்தாள்.