இருவரும் ஊற்றிய மருந்து

என் அண்ணனும் அண்ணியும் பேச்சை நிறுத்திப் பல வருஷமாகிறது. என்ன சண்டை என்று கேட்டால் இருவருக்குமே ஞாபகம் இல்லை. வீறாப்பு மட்டும் குறையவில்லை. அதற்காகக் குடும்பம் நடக்காமலா இருக்கும்? ஒரு மொட்டைக் கிடா நடுவில் தூது போனது. சோறு ஆறுகிறது என்று அண்ணி அதன் முகத்தைப் பார்த்துச் சொல்வார். வருகிறேன் என்று அண்ணனும் அதனிடமே சொல்வார். பக்கத்து வீட்டிலிருந்து பார்த்துப் பார்த்து எனக்குத்தான் பைத்தியம் பிடித்தது.

ஆனால் ஆடென்றால் இருவருக்கும் உயிர். அந்த மந்தைதான் அவர்களுக்குப் பிழைப்பு.

மழை முடிந்து குடற்புழு மருந்து கொடுக்கவேண்டிய நேரம். காலையில் அண்ணி வெளியே போனதும் அண்ணன் கொட்டிலுக்குள் புகுந்து, ஒவ்வொன்றின் வாயிலும் சிரிஞ்சால் ஊற்றிவிட்டார். எடை பார்க்கச் சோம்பல். கொழுத்த கிடாவுக்கு என்ன அளவோ, அதுவே எல்லாவற்றுக்கும். சாயங்காலம் அவர் கடைக்குப் போனதும், இந்த மனுஷன் எங்கே செய்யப்போகிறார் என்று அண்ணியும் அதே அளவில் ஊற்றினார். கிடாவிடம்கூட ஒருவரும் மூச்சு விடவில்லை.

இரண்டொரு நாளில் ஆடுகள் சுவரில் முட்டின, தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தன. கால்நடை டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். மருந்து அளவு மீறிக் கண் நரம்பைக் கெடுத்துவிட்டது, இனிப் பார்வை வராது என்றார். எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு இருவரும் ஒரே நேரத்தில் ஒரே அளவைச் சொன்னார்கள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய, தலையில் அடித்துக்கொண்டேன். கிடா மட்டும் தன் எடையால் தப்பித்தது. மருந்து உடம்பில் இருக்கும்வரை மற்றவற்றைக் கறிக்கு விற்கவும் முடியாது. மேய்ச்சலுக்கு நடக்காவிட்டால் அத்தனையும் பட்டினியில் சாகும்.

கண் தெரியாத ஆடு பழகிய குரலைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும். நான் கத்திப் பார்த்தேன், ஒன்றுகூட மதிக்கவில்லை. வேறு வழியில்லாமல் அண்ணன் முன்னால் போனார், அண்ணி பின்னால் வந்தார். முதல் நாள் இருவரும் வெறுமனே "ஏய், ஏய்" என்றார்கள். மறுநாளே ஏச்சு ஆரம்பித்துவிட்டது. இத்தனை வருஷம் வயிற்றில் அடக்கி வைத்ததெல்லாம் வழி நெடுகக் கொட்டியது. மந்தை அழகாக நடந்தது.

ஒரு நாள் பாதி வழியில் அண்ணன் திரும்பி, "தப்பு என்னோடதுதான். மருந்து ஊத்திட்டேன்னு உங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்" என்றார். அண்ணி ஏச்சை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்தபடி நின்றார். பின்னால் குரல் நின்றதும் மொத்த மந்தையும் நடுரோட்டில் நின்றுவிட்டது. லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான்.

"அழாத, திட்டு" என்றார் அண்ணன். "ஆடுங்க நிக்குது பாரு."